அறுபத்தொன்றாம் குழி

மண்டபத்தில் கரண்டு போன மத்தியானம்.
இன்குபேட்டருக்குள் முப்பத்தேழு டிகிரி வேண்டும்,
வெளியே முப்பத்தெட்டு.
கதவைத் திறந்துவைத்தால் போதும் என்கிறான்
ஹமீது லெவ்வை, சிரிக்காமல்.

தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு.
ஒவ்வொன்றின் அடியிலும்
வைரஸின் ஒரு துணுக்கை ஒட்டிவைத்திருக்கிறோம்,
தூண்டிலில் இரை குத்துவதுபோல.
மேலே ஒரு துளி சீரம்.
அதைக் கண்டு பழகிய ரத்தம் பிடித்துக்கொள்ளும்.
பழகாதது கழுவினால் போய்விடும்.
அவ்வளவுதான் சங்கதி.
எட்டு மாதமாகக் கைகூடவில்லை.

முதலில் எல்லாக் குழியும் மஞ்சளாயின.
பால்பவுடர் கரைத்து ஊற்றி அடக்கினோம்.
பிறகு மலேரியா:
தீவில் காய்ச்சல் கண்ட ரத்தம்
எதைப் பார்த்தாலும் ஒட்டிக்கொள்கிறது.
துணுக்கின் வாலைக் கத்தரித்தோம்.
கொஞ்சம் தேவலை.

இது ஹெர்ப்பீஸ் குடும்பத்தில் எட்டாவது.
வந்தால் போகாது.
ஏதோ ஒரு மூலையில் ஆயுசு முழுக்கத் தூங்கும்.
பலருக்கு ஒன்றும் ஆவதில்லை.
காவல் குறைந்த உடம்பில் விழித்தால்
பாதத்தில் ஊதாத் திட்டு,
பிறகு வாயில், பிறகு நுரையீரலில்.
தேவிபட்டினத்து வேன் டிரைவர் ஒருவரின் கணுக்காலில்
அதை முதன்முதலாகப் பார்த்தேன்.
அவருக்கு வைத்த சிறுநீரகம்
கடைசி நாள்வரை நன்றாகத்தான் வேலை செய்தது.

அதனால்தான் இந்தத் தட்டு.
கொடுப்பவரின் ரத்தத்தை
முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிட.

அறுபத்தொன்று, நம்புத்தாய்.
சின்னப்பாலம். பாசி எடுப்பவர்.
தம்பிக்கு ஒரு சிறுநீரகம் தருவதாக
மதுரையில் கையெழுத்துப் போட்டவர்.
ரத்தம் எடுக்கப் போன அன்று
கடலிலிருந்து நேராக வந்தார்,
விரல்களில் சுற்றிய துணியை அவிழ்க்காமல்,
நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடியில் தண்ணீர் தளும்ப.
முழங்கை மடிப்பில் உப்பு பூத்திருந்தது.
பஞ்சால் மூன்று முறை துடைத்தேன்.
ஐஸ் கம்பெனியில் வாங்கிய கட்டியோடு
அவர் ரத்தம் பாலம் தாண்டியது,
சூடை மீன் வாசத்தில்.

கோடு 0.33.
மேலே என்றால் உண்டு, கீழே என்றால் இல்லை.
கோட்டைப் போட்டவள் நான்.
நம்புத்தாய் 0.32.
மறுநாள் 0.34.
மூன்றாம் தடவை
சொல்லிவைத்தாற்போல் கோட்டின்மேல்.

சின்னப்பாலத்தில்
கடலுக்குப் பத்தடி தள்ளி மணலில் குழி பறித்து
குடிக்கத் தண்ணீர் எடுப்பார்கள்.
ஒரு சாண் கூடப் பறித்தால் உப்பு.
அந்தச் சாணை முதலில் அளந்தது யாரென்று
தூக்கம் வராதபோது யோசிக்கிறேன்.

"கோட்டைக் கொஞ்சம் ஏத்திருவோமே" என்றான் ஹமீது.
ஏற்றினால் நம்புத்தாய் தப்புவார்.
பதினேழும் தப்பும், நாற்பத்திரண்டும் தப்பும்.
அந்த இரண்டு சீரமும்
மைக்ரோஸ்கோப்பில் பச்சையாக ஒளிர்ந்தவை.
நம்புத்தாய் அங்கேயும் மங்கல்.
ஏற்றவில்லை.
இறக்கவும் தைரியமில்லை.

சனிக்கிழமை போனேன்.
கரையில் மரிக்கொழுந்து காய்ந்துகொண்டிருந்தது.
பாசிட்டிவும் இல்லை நெகட்டிவும் இல்லை என்றேன்.
காற்றில் பாதிதான் காதில் விழுந்திருக்கும்.
"பாசியா?" என்றார்.
"அது எங்க ரத்தத்துல இல்லாம பின்ன?"
பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.
நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பிறகு சொன்னேன்,
இன்னொரு தடவை எடுக்க வேண்டும்,
ஒரு மாதம் ஆகலாம்.
தம்பிக்கு வாரம் மூணு தரம் டயாலிசிஸ் என்றார்.
பஸ்ஸுக்கு மட்டுமே, என்று தொடங்கி
விட்டுவிட்டார்.

காயம்பட்ட விரல்களால்
புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு
இடது முழங்கையைத் திருப்பிக் காட்டினார்:

"அந்தக் கைல கேட்டாச்சு.
இதுல கேட்டுப் பாருங்க."